அவர் பெயர் முத்து இல்லை

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். பண்டமாரானில் இந்த உயரத்தோடு வளரும் தமிழ்ப் பையனை இரண்டு பேச்சுகள் துரத்தும். புதுக்கிராமத்துப் பக்கம் போனால் சீனப் பையன்கள், ‘பாஸ்கெட்பால் ஆடுவியா?’ என்று கேட்பார்கள். அப்பாவின் கூட்டாளிகள் உட்காரும் ஒட்டுக்கடைக்குப் போனால், ‘டேய், நீ கோல்கீப்பரா நின்னிருக்கணும்டா’ என்பார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆடுவேன். இரண்டாவது பேச்சு எங்கிருந்து வருகிறது என்றுதான் ரொம்ப நாளாகப் புரியவில்லை. நான் காற்பந்தை உதைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது.

பண்டமாரான், அவசரகாலத்தில் சீனர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களில் ஒன்று. புதுக்கிராமம் என்றால் ஒரு சீனப்பள்ளி, ஒரு கோயில், ஒரு சிமெண்டுத் தரை, அதில் இரண்டு வளையம். தோட்டம் என்றால் ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கோயில், ஒரு புல்திடல், இரண்டு கோல்கம்பம். வீடுகள் நெருக்கியடித்த இடத்தில் சிமெண்டும், நிலம் தாராளமாகக் கிடந்த இடத்தில் புல்லும் வாய்த்தன. எந்த இனத்துக்கு எந்த விளையாட்டு ‘ரத்தத்தில்’ ஊறியது என்று நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அதை முடிவு செய்தது தரை. தோட்டங்கள் விற்கப்பட்டு, சனங்கள் தாமான்களுக்கு வந்தபோது கோயிலை எப்படியோ கூடவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். திடலைத் தூக்கிவர முடியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இடைநிலைப்பள்ளியில் கூடைப்பந்து அணித் தேர்வுக்குப் போனபோது ஓர் ஆசிரியர், ‘உங்க ஆளுங்களுக்கு அங்க ஃபுட்பால் இருக்கே’ என்று வெளியே கையைக் காட்டினார். ஆகவே நான் கூடைப்பந்தைப் பள்ளியில் கற்கவில்லை. புதுக்கிராமத்துச் சிமெண்டுத் தரையில், பாதி ஹொக்கியனும் பாதி மலாயும் கலந்த வசவுகளின் நடுவே கற்றேன்.

அப்போது எங்களுக்கெல்லாம் கிளே தாம்சன் பைத்தியம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் ஸ்டீபன் கரிக்குப் பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல், தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டே இருந்தவர். அவரைப் பற்றித் தேடிப் படிக்கப் போய்த்தான் அவருடைய அப்பாவிடம் வந்து சேர்ந்தேன்.

மைக்கல் தாம்சன் 1955 ஜனவரி 30 அன்று பஹாமாசின் தலைநகர் நசாவில் பிறந்தவர். பஹாமாஸ் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றதே 1973இல்தான். இன்றைக்கும் அந்த நாட்டின் மக்கள்தொகை கிள்ளான் மாவட்டத்தில் பாதிகூட வராது. அங்கிருந்து பையன் மயாமிக்குப் போய் உயர்நிலைப்பள்ளியில் ஆடினான். பிறகு குளிர் எலும்பைக் கடிக்கும் மின்னசோட்டா பல்கலைக்கழகம். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். அதைத்தான் ‘டிராஃப்ட்’ என்கிறார்கள். 1978 டிராஃப்டில் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் முதல் ஆளாகக் கூப்பிட்ட பெயர் மைக்கல் தாம்சன். அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவர் முதல் இடத்தில் தேர்வானது அதுவே முதல் தடவை. லாரி பேர்டின் பெயரே அந்த ஆண்டு ஆறாவதாகத்தான் வந்தது.

அவருடைய கல்லூரிக் காலத்தில் ஒரு சம்பவம் உண்டு. தன்னிடமிருந்த ஆட்ட நுழைவுச்சீட்டுகளை, அச்சிட்ட விலையைவிடக் கூடுதலுக்கு விற்றுவிட்டார் என்று பெரிய பிரச்சினை. கல்லூரி ஆட்டக்காரர் அமெச்சூர், அவர் கையில் ஆட்டத்தால் ஒரு காசு வரக்கூடாது என்பது அன்றைய விதி. அரங்கு நிறைகிறது, பல்கலைக்கழகத்துக்கு வசூல் வருகிறது, ஆடுகிறவன் நாலு டிக்கெட் விற்றால் குற்றம். இந்த ‘அமெச்சூர்’ என்ற வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கும் அது வேண்டும்.

என்.பி.ஏ.யில் முதல் பருவம் நன்றாகப் போனது. அடுத்தது கால் முறிவு. 1979–80 பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. ஆனால் ஒப்பந்தம் இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், அணி காத்திருந்தது. திரும்பி வந்தவர் 1981–82இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.8 புள்ளிகள், 11.7 ரீபவுண்டுகள் எடுத்தார். 1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அவரை வாங்கியது. மேஜிக் ஜான்சனும் கரீம் அப்துல் ஜப்பாரும் ஏற்கனவே இருக்கிற அணிக்கு இன்னோர் உயரமான ஆள் எதற்கு? பாஸ்டனின் கெவின் மெக்ஹேலைத் தடுக்க. மெக்ஹேல் மின்னசோட்டாவில் தாம்சனின் கூட்டாளி. அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் பாஸ்டனை வென்றார்கள். 1988இல் மறுபடியும் கோப்பை. 1991 வரை ஆடினார். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆட்டக்காரர், அந்த ஆட்டத்தாலேயே வாழ்ந்தவர். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் பட்டது.

இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை நீட்டி, தாம்சன் எப்படி மறிப்பார் என்று காட்டினேன். அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, ‘ஆறுமுகம் கை இதவிட நீளம்’ என்றார்.

ஆர். ஆறுமுகம். 1953 ஜனவரி 31 அன்று பிறந்தவர். சிலாங்கூரின், மலேசியாவின் கோல் காவலர். கைகளின் நீளத்தால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். என் வயதுக்காரர்களிடம் ஸ்பைடர்மேன் என்றால் டாம் ஹாலண்ட் என்பார்கள். ஒட்டுக்கடைப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு தலைமுறைக்கே, உயரமான தமிழ்ப் பையன் என்றால் அவர்தான்.

அப்பா அவரை அரங்கத்தில் பார்த்ததைவிட ரேடியோவில் கேட்டதுதான் அதிகம். ‘ரேடியோல ஸ்ட்ரைக்கரவிட கோல்கீப்பர்தான்டா பெருசு’ என்பார். யோசித்தால் சரிதான். எதிரணி முன்னேற முன்னேற வர்ணனையாளரின் குரல் ஏறும், மூச்சு வாங்கும், எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது அந்தப் பெயர் வரும். ஆறுமுகம். அதற்குப் பிறகுதான் லயத்துச் சனம் மூச்சு விடும். கூடைப்பந்தில் ஒரு நீளக்கைக்காரன் தடுக்கத் தவறினால் இரண்டு புள்ளி போகும், அடுத்த நிமிடம் திருப்பி எடுத்துவிடலாம். கோலில் அப்படி இல்லை.

அவருடைய காலம் மலேசியக் காற்பந்தின் நல்ல காலம். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியாவுக்கு வெண்கலம். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டில் தங்கம். மலேசியக் கிண்ணத்தில் 1975, 1976, 1978, 1979 என்று இறுதியாட்டங்களில் சிலாங்கூர் சிங்கப்பூரை வென்றது. முன்னால் மொக்தார் டஹாரி, தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், கம்பத்தில் ஆறுமுகம். தேசிய அணியின் பெயர்ப்பட்டியலை வாசித்தால் நாட்டின் வருகைப்பதிவேடு மாதிரி இருக்கும். இதை வைத்துத்தான் ஒவ்வொரு தேசிய தினத்துக்கும் ‘அந்தக் காலத்து ஒற்றுமை’ என்று பாடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒரே வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது உண்மை. படத்தில் இருந்தவர்கள் திங்கட்கிழமை காலையில் எங்கே போனார்கள் என்று அந்தப் பாட்டு கேட்பதில்லை.

வேலைக்குப் போனார்கள். அன்றைக்கு மலேசியாவில் தொழில்முறைக் காற்பந்து கிடையாது. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஆட்டக்காரனும் எங்கேயாவது ஓர் உத்தியோகத்தில் இருந்தபடிதான் ஆட வேண்டும். நாற்பதாயிரம் பேர் மெர்டேக்கா அரங்கத்தில் கத்தினாலும் அவன் அமெச்சூர்தான். தாம்சன் கல்லூரியோடு கழற்றிப் போட்ட சட்டையை ஆறுமுகத்தின் தலைமுறை கடைசிவரை போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு 1980. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று கோலாலம்பூரில், மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. தென்கொரியாவும் ஜப்பானும் உள்ள குழு. ஏப்ரல் 6, கடைசி ஆட்டம், எதிரே தென்கொரியா. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் உள்ளே போட, 2–1. இரண்டு பேரும் சபாக்காரர்கள். மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

ஆனால் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. அமெரிக்கா புறக்கணிப்பை அறிவித்தது. ஹுசேன் ஓன் அரசாங்கமும் அதில் சேர்ந்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது.

புறக்கணிப்பு தவறு என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டுக்குள் டாங்கிகளோடு போனவன் வீட்டு விருந்துக்குப் போவதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் தாட்சர் போகாதீர்கள் என்றார், அந்நாட்டு ஒலிம்பிக் சங்கம் மீறி ஆட்களை அனுப்பியது. இந்தியா போனது. அந்த மாஸ்கோவில்தான், ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4–3 என்று வென்று தங்கம் வாங்கியது. ஒரு தமிழர் மாஸ்கோவில் மேடையேறினார். இன்னொரு தமிழர் கோலாலம்பூரிலேயே இருந்தார். ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. கோல் காவலருக்கு அது இளமை, இன்னும் எட்டுப் பத்து வருடம் ஆடலாம். ஆனால் மலேசியக் காற்பந்து அணி அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

தாம்சன் ஒரு வருடத்தை இழந்ததும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். அவருக்கு முறிந்தது எலும்பு. எலும்பு ஒட்டிக்கொள்ளும்.

1988 டிசம்பர் 18 அன்று ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். வயது 35. அடுத்த ஆண்டு, 1989இல், மலேசியாவில் செமி-ப்ரோ லீக் தொடங்கியது. ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்காகவே சம்பளம் என்ற ஏற்பாடு முதல்முறையாக உருப்பெற்றது அப்போதுதான். முழுத் தொழில்முறை லீக் வர 1994 ஆனது. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. 1991 ஜூலையில் மொக்தாரும் போய்விட்டார், நரம்பு நோயில், 37 வயதில். மொக்தாரின் பெயரில் இன்று பகாங், கம்பாங்கில் ஓர் அகாடமியே இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

2016இல் ‘ஓலா போலா’ படம் வந்தது. 1980 அணியை வைத்து சியூ கெங் குவான் எடுத்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கிள்ளானில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். அவர் தியேட்டருக்கு வந்தே பல வருடம் ஆகியிருந்தது. படத்தில் கோல் காவலராக ஒரு தமிழ்ப் பையன் வருவான், பெயர் முத்து. அவன் முதல் தடவை பாய்ந்து பந்தைப் பிடித்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, ‘அவரு பேரு முத்து இல்ல’ என்றார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. படம் முடியும் வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

நான் அன்றைக்குப் படத்துக்காக வாதாடினேன். கற்பனைக் கதைப்பா, எல்லார் பேரையும்தான் மாத்தியிருக்காங்க, சோ சின் ஆனுக்கும் வேற பேருதான், என்றேன். இப்போதும் அது நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. படம் வந்தபோது சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஜேம்ஸ் வோங்கும் உயிரோடு இருந்தார்கள். அவர்களால் ‘அது நான்தான்’ என்று சொல்ல முடிந்தது. செத்தவருக்குப் பதிலாக யாராவது சொல்ல வேண்டும். நம்மில் சொன்னவர்கள் என் அப்பா மாதிரி ஆட்கள், இருட்டில், பக்கத்து சீட்டுக்கு. எழுத்தில் நாம் தோட்டத்தை எழுதினோம், ரப்பரை எழுதினோம், சாராயத்தை எழுதினோம். திடலை எழுதினோமா? எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. விளையாட்டுப் பக்கம் நாளிதழோடு பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது.

பஹாமாசில் தாம்சனின் பெயருக்குப் பிறகு பெயர்கள் வந்தன. பால் கூடையைக் கம்பத்தில் அடித்து வளையமாக்கிப் பழகிய படி ஹீல்ட் வந்தார். 2018இல், சரியாக 40 வருடம் கழித்து, நசாவில் பிறந்த டியாண்ட்ரே ஏய்ட்டன் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். கிளே தாம்சனுக்கு அப்பா வீட்டிலேயே இருந்தார்.

எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது, அதையும் நாம் கவனிக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்து வெஸ்ட்போர்ட்ஸின் பெயரைத் தாங்கிய டிராகன்ஸ் அணி 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. சீனர் விளையாட்டு என்று நாம் ஒதுக்கி வைத்த ஆட்டத்தில், டிராகன்ஸ் சட்டையில் குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்று நம் பெயர்கள் இருந்திருக்கின்றன. ‘ஓலா போலா’ ஓடிய அதே ஆண்டு. எங்கள் தாமானில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானே பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதுவதற்காகப் போன வாரம் அப்பாவிடம் மறுபடியும் கேட்டேன், ஆறுமுகத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று. ஒரே ஒரு தடவை, அதுவும் கோலுக்குப் பின்னால் மலிவு டிக்கெட்டில் நின்றாராம். ஆட்டம் என்ன ஆனது என்று நினைவில்லை. ‘முதுகுதான் தெரிஞ்சிச்சு. கைய ரெண்டு பக்கமும் விரிச்சாரு பாரு, எங்களுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல’ என்றார்.

புதுக்கிராமத்துக் கோர்ட்டில் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. வரச் சொல்லியிருக்கிறேன். மழை இல்லையென்றால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.