பிளிடா மருத்துவமனையில் ஃபனான் கற்ற பாடம்

மனநோய்க்கு இனம் உண்டா? இல்லை என்றுதான் இன்று யாரும் சொல்வார்கள். ஆனால் அல்ஜீரியாவைப் பிரான்ஸ் ஆண்ட காலத்தில் அங்கே உண்டு என்று பாடமே நடத்தினார்கள்! அல்ஜியர்ஸில் பேராசிரியராக இருந்த அந்துவான் போரோ, வட ஆப்பிரிக்க முஸ்லிம் எதையும் எளிதில் நம்புபவன், பிடிவாதக்காரன், சிறுபிள்ளைப் புத்திக்காரன் என்று 1918-லேயே எழுதினார். 1939-ல் ஒரு படி மேலே போய், இவர்களை ஆள்வது மூளையின் மேற்பகுதி அல்ல, அடிப்பகுதிதான் என்றார். நிலத்தைப் பறிகொடுத்தவன் கோபப்பட்டால் அதற்கும் அவன் மூளைதான் காரணம். ஆட்சியாளர்களுக்கு இதைவிட வசதியான விஞ்ஞானம் எங்கே கிடைக்கும்?

இந்தச் சூழ்நிலையில்தான் 1953 நவம்பரில் ஃபிரான்ஸ் ஃபனான் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர், வயது 28. நிறவெறி மனிதனின் மனதை என்ன செய்கிறது என்று 1952-லேயே 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற புத்தகம் எழுதியவர். பிரான்சில் செயின்ட் அல்பான் மருத்துவமனையில் தோஸ்கெல் என்ற மருத்துவரிடம் 'சமூக சிகிச்சை' பயின்றிருந்தார். மருத்துவமனையையே ஒரு சின்ன ஊர் போல மாற்றி, கூட்டம், பத்திரிகை, விழா, கைத்தொழில் என்று நோயாளிகளை மறுபடி மனிதர்களோடு பழகவைக்கும் முறை இது.

பிளிடாவில் வார்டுகள் இனவாரியாகப் பிரிந்திருந்தன. ஃபனான் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே சிகிச்சையைத் தொடங்கினார். பெண்கள் வார்டில் சினிமா, கிறிஸ்துமஸ் விழா, பத்திரிகை எல்லாம் களைகட்டின. சீக்கிரமே நல்ல மாற்றம் தெரிந்தது. ஆண்கள் வார்டிலோ ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூடை பின்னச் சொன்னால் கை ஓடவில்லை. "நாங்கள்தான் அப்போதே சொன்னோமே" என்று போரோவின் சீடர்கள் சிரித்திருக்கலாம். மூளை அப்படி, என்ன செய்வது?

ஃபனானும் அவரிடம் பயிற்சியில் இருந்த ஜாக் அஸூலேயும் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளியிடம் என்ன குறை என்று கேட்காமல், நாம் கொடுத்தது என்ன என்று கேட்டார்கள். 1954-ல் இருவரும் எழுதிய கட்டுரையில் அந்தப் பதில்கள் இருக்கின்றன.

டாக்டருக்கு அரபி தெரியாது, எனவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஆனால் அந்த நோயாளிகள் வெளியில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்த இடங்கள் நீதிமன்றமும் அரசு நிர்வாகமும்தான். அப்படி ஒருவர் நடுவில் நின்றால் யார் மனம் திறப்பார்கள்? பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர்களுக்குப் பத்திரிகை எதற்கு? மரியாதையுள்ள ஆண் மேடையேறி நடிப்பது அவர்கள் வழக்கமில்லை. கூடை பின்னுவது பெண்கள் வேலை. அதே ஆட்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார்கள்! பலர் கிராமத்து விவசாயிகள் ஆயிற்றே.

இதில் முக்கியமான விஷயம், நிறவெறியைப் பற்றிப் புத்தகமே எழுதிய ஒருவர்தான் இந்தத் தவறைச் செய்தார் என்பது. பிரெஞ்சு வாழ்க்கையைப் பொதுவான மனித வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டு, மாற வேண்டியது நோயாளிதான் என்று தாங்களும் நினைத்துவிட்டதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். காலனி ஆட்சி அல்ஜீரியர்களிடம் எதிர்பார்த்ததும் இதைத்தானே! நல்லெண்ணம் மட்டும் போதவில்லை.

பிறகு வார்டில் அல்ஜீரிய முறையில் ஒரு காபிக் கடை திறக்கப்பட்டது. ஆண்கள் அங்கே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகப் போய்க் கதை சொல்பவர் உள்ளே வரவழைக்கப்பட்டார். கால்பந்து மைதானமும் வந்தது.

1956-ல் ஃபனான் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து ஒரு மனநலச் சோதனையையும் ஆராய்ந்தார். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனை அது. படங்களில் இருந்த வீடுகளும் மனிதர்களும் மேற்கத்திய உலகத்தைச் சேர்ந்தவை. அல்ஜீரிய முஸ்லிம் பெண்களால் அவற்றை வைத்துக் கதை சொல்ல முடியவில்லை. கற்பனை வறட்சி என்று எழுதி முடித்திருப்பார்கள் வேறு டாக்டர்கள். ஆனால் அந்தக் கட்டில் எதுவும் வரையாத வெற்று அட்டை ஒன்றும் உண்டு. அதைக் கையில் கொடுத்ததும் அதே பெண்கள் வளமான கதைகளைச் சொன்னார்கள்!

அதற்குள் விடுதலைப் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சொந்த நாட்டிலேயே ஒருவனை அந்நியனாக்கும் ஆட்சியின் கீழ் அவன் மனதுக்கு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்ற முடிவுக்கு ஃபனான் வந்தார். 1956 இறுதியில் ராஜினாமா கடிதம் அனுப்பினார், 1957 ஜனவரியில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். துனிஸில் மறுபடி மருத்துவராகவே வேலை பார்த்தார். 1961 டிசம்பரில் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 36. அடுத்த வருடம் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. பிளிடா மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான்.