கூடாரத் துணியும் சுமப்பவர் தோளும்



பால் நிறைந்த காண்டா வாளியைத் தோளில் ஏற்றி நடந்தவர்களுக்கு எடை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புறப்படும்போது இருந்த கனம் வேறு. மேடும் பள்ளமுமாக ஒரு கல் தொலைவு நடந்தபின் தோன்றும் கனம் வேறு. இன்று நாம் பேசப்போவதும் எடையைப் பற்றித்தான். மலையேறுகிறவர்கள் முதுகில் கொண்டுபோய், இரவில் விரித்துப் படுக்கிறார்களே, அந்தக் கூடாரத்துத் துணியின் வரலாறு இது. துணி கனமானால் பல காலம் உழைக்கும், ஆனால் தூக்க முடியாது. மெலிதானால் தூக்கலாம், ஆனால் கிழியும். இந்த வழக்கு நூற்றறுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மாட்டர்ஹார்ன் என்றொரு சிகரம் உண்டு. 1865-ஆம் ஆண்டில் அதன் உச்சியை முதன்முதலில் எட்டிய குழுவில் இருந்தவர் எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் பலமுறை முயன்று தோற்றுத் திரும்பியவர். மலைச்சரிவில் இரவு தங்குவதற்காக அவரே ஒரு கூடாரத்தை வடிவமைத்தார். மேலே முரட்டுத் துணி, தாங்குவதற்கு மரக்கம்புகள், தரைக்கு மெக்கிண்டாஷ் துணி. மெக்கிண்டாஷ் என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி ஒட்டியது. ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மெக்கிண்டாஷ் 1823-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த ரப்பர் நம் தோட்டத்து ரப்பர் அல்ல. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்ததே 1877-இல்தான்.

விம்பரின் கூடாரம் நல்ல உறுதி. காற்றுக்கு நின்றது, நால்வர் படுக்க இடமும் இருந்தது. எடையோ இருபது பவுண்டுக்கு மேல். அதைச் சுமந்தவர் யார்? பிரெய்ல் என்ற மலையூரைச் சேர்ந்த லூக் மேனே. முதுகு கூன் விழுந்த ஏழைக் கூலியாள் அவர். கூடாரத்தோடு செங்குத்தான பாறைகளில் அவர் ஏறிய திறமையை விம்பர் தம் நூலில் மனமாரப் பாராட்டியிருக்கிறார். பாராட்டியது நல்லதுதான். ஆனால் இன்னும் ஐந்து பவுண்டு குறையட்டுமே என்று மேனேயிடம் கேட்டுக் கூடாரம் தைத்திருந்தால், அதன் உருவமே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படித்தான் பின்னர் நடந்தது. ஆல்பர்ட் மம்மரி என்பவர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளாமல் நண்பர்களோடு மலையேறத் துணிந்தவர். தம் சுமையைத் தாமே தூக்க வேண்டிய நிலை வந்ததும் கூடாரம் சுருங்கிவிட்டது! துணி பட்டு. தனியாகக் கம்புகள் இல்லை. கையிலிருக்கும் பனிக்கோடரிகளையே நிறுத்திக் கட்டிவிடுவார்கள். மொத்த எடை சுமார் நான்கு பவுண்டு. ஆனால் உள்ளே நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. பட்டு விலை அதிகம், முரட்டுத் துணியைப் போல அடிபட்டு உழைக்கவும் செய்யாது.

சாதாரண மக்களுக்குக் கிடைத்தது பருத்திக் கித்தான்தான். கித்தானில் ஒரு விந்தை உண்டு. மழை பட்டதும் நூலிழைகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். இழைகளுக்கு நடுவேயுள்ள துளைகள் தாமாகவே அடைபடும். அதனால்தான் பூச்சு இல்லாத கித்தான்கூட மழையை ஓரளவு தடுக்கிறது. ஆனால் நனைந்த கித்தானைத் தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும், அது காய்ந்த கித்தானைவிட எவ்வளவு கனம் என்று. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மக்கியும் போகும்.

இந்த நிலையை மாற்றியது நைலான். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாரின் ஆய்வில் பிறந்தது அது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமற்போகவே, பாரசூட்டுகளை நைலானில் செய்தார்கள். அத்துணியில் சிறுசிறு கட்டங்களாகத் தடித்த இழைகளை இடையிட்டு நெய்யும் முறையும் வளர்ந்தது. துணி கிழிந்தாலும் தடித்த இழை வந்ததும் கிழிசல் அங்கேயே நின்றுவிடும். துணி முழுவதையும் தடிமனாக்காமல் உறுதியைக் கூட்டிய நல்ல யோசனை அது.

1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரின் கூடாரங்களில் பருத்தியும் நைலானும் சேர்த்து நெய்த துணி பயன்பட்டது. அந்த மே மாதம் 28-ஆம் நாள், கடைசி முகாமுக்குச் சுமை தூக்க ஏற்பாடாகியிருந்த மூன்று ஷெர்ப்பாக்களில் அங் நீமா ஒருவரால்தான் போக முடிந்தது. மற்றவர்கள் சுமையைப் பங்கிட்டுக் கொண்டார்கள். வழியில் முன்பே கொண்டுவந்து வைத்திருந்த கூடாரத்தையும் எடுத்துக்கொண்டபோது, ஹில்லாரியின் முதுகில் அறுபது பவுண்டுக்கு மேல் ஏறிவிட்டது. மூச்சுக்கே காற்றுப் போதாத உயரம் அது. அன்றிரவு டென்சிங்கும் அவரும் அந்தக் கூடாரத்தில்தான் படுத்தார்கள். மறுநாள் உச்சியை அடைந்தார்கள்.

பிறகு துணி மேலும் மேலும் மெலிந்தது. நூலின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ, அத்தனை டெனியர். எழுபது டெனியர் நூலில் தைத்த கூடாரங்கள் போய், இன்று இருபது, பத்து டெனியர் துணிகளும் வந்துவிட்டன. விரலின் மேல் வைத்தால் விரல் தெரியும்! மெலிந்த துணிக்கு முள்ளும் கூரான கல்லும் பகை. வெயிலும் பகைதான், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நைலானைக் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கச் செய்கின்றன. நைலான் ஈரத்தில் நீண்டு தொய்யும் என்பதால், அதிகம் தொய்யாத பாலியஸ்டரை விரும்புகிறவர்களும் உண்டு.

நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது துணியின் பூச்சு. மழை புகாதிருக்கப் பல கூடாரங்களில் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைகிறது. முதலில் ஒருவித வாடை அடிக்கும். பிறகு தொட்டால் பிசுபிசுக்கும். கடைசியில் செதில் செதிலாக உரியும். சிலிக்கோன் பூச்சுக்கு இந்தக் குறை இல்லை, துணி கிழியாமலிருக்கவும் அது உதவுகிறது, விலைதான் கூடுதல். பள்ளி முகாமுக்குப் போன பிள்ளைகள் கூடாரத்தை ஈரமாகவே சுருட்டிக்கொண்டு வந்தால், அன்றைக்கே பிரித்து நிழலில் கட்டிக் காயவிடுங்கள். தையல் ஓரங்களில் ஈரம் கடைசிவரை தங்கியிருக்கும்; அவற்றைக் கையால் தடவிப் பார்த்த பிறகே மடியுங்கள்.