கல்லோலமும் கியாமத்தும்

பெருந்திரளான மக்களின் பயத்தைச் சொல்ல நம்மிடம் சில சொற்சேர்க்கைகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. பீதி என்றால் பரவும். பதற்றம் என்றால் நிலவும். ஊர் என்றால் அல்லோலகல்லோலப்படும். 2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த பத்திரிகைகளிலும் இவைதான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மரணித்த ஒரு காலைப்பொழுதுக்குப் 'பதற்றம் நிலவியது' போதுமா? ஹர்த்தால் நாளுக்கும் அதையேதான் எழுதுகிறோம்.

அல்லோலகல்லோலம் மட்டும் சற்று வேறு. வடமொழியில் கல்லோலம் என்றால் பேரலை. எழுதியவர்கள் அதை எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கடல் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறது. கடல் அதில் இல்லை. நெய்தலுக்கு இரங்கலைக் கொடுத்த மரபு அச்சத்தைக் கொடுக்கவில்லை.

கரையோர மக்கள் தங்கள் சொல்லைத் தாங்களே கண்டுகொண்டார்கள். சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை அன்று காலை எங்கள் பக்கத்தில் நான் எவர் வாயிலும் கேட்கவில்லை. 'கடல் வருகுது' என்றே கத்தினார்கள். கடல் இரையும், பொங்கும், கொந்தளிக்கும். அது 'வரும்' என்று அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசும்போது, 'கியாமத்து வந்திட்டெண்டு நினைச்சம்' என்றார்கள். இது வெறும் உவமையல்ல. அந்நாளில் பாலூட்டும் தாயும் தன் பிள்ளையை மறப்பாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கையில் பிடித்திருந்த பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த தாய்மார் இருக்கும் ஊரில் அந்தச் சொல்லின் பாரமே வேறு.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது. இம்முறை நான் கேட்டது, 'கடல் வருகுதாம்'. ஓர் 'ஆம்' கூடியிருந்தது. கண்டவர் அதைச் சேர்ப்பதில்லை, கேட்டவர்தான் சேர்ப்பார். 2004இல் கத்தியவர்கள் கண்டவர்கள். ஆனால் அதைக் கேட்டும் கடலைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. 2012இல் எவரும் எதையும் காணவில்லை, எவரும் நிற்கவுமில்லை. 'பீதி பரவியது' என்பது சரியாகப் பொருந்துவது இந்த நாளுக்குத்தான்.

எச்சரிக்கை அன்றே மீளப் பெறப்பட்டது. ஓடிய உம்மாமார் சிலரின் கையில் ஒரு பை இருந்தது; உள்ளே அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். 2004இல் அதற்கு நேரம் இருக்கவில்லை.