கோழி ரத்தத்தில் ஒட்ட மறுத்த ஃப்ளூ வைரஸ்: தடுப்பூசிக்கு இதனால் என்ன சிக்கல்?

ஃப்ளூ தடுப்பூசியை மட்டும் ஏன் வருஷா வருஷம் போட்டுக்கச் சொல்றாங்க? அந்த வைரஸ் அவ்வளவு வேகமாக உருமாறுகிறது. எந்த அளவுக்கு என்றால், உருமாற்றத்தைக் கண்டுபிடிக்க வைத்திருந்த சோதனையே எச்3என்2 வகை வைரஸிடம் தடுமாறிவிட்டது. 2023 மார்ச்சில் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டதே, அதே எச்3என்2தான்.

ரத்தத்துக்கும் ஃப்ளூவுக்கும் என்ன சம்பந்தம்?

1941-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஹர்ஸ்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஃப்ளூ வைரஸ் வளர்த்த கோழி முட்டையின் திரவத்தில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளுட்டினின் என்ற புரதம்தான் காரணம். எச்3என்2 பெயரில் வரும் ‘எச்’ இதுதான். செல்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை இது பிடித்துக்கொள்ளும். நம்ம தொண்டை செல்களிலும் அது உண்டு, சிவப்பணுக்களிலும் உண்டு. அதற்காக ஃப்ளூ வந்தால் ரத்தம் கட்டியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். இது சோதனைக் குழிக்குள் நடக்கும் வேலை.

குழியில் வைரஸ் இருந்தால் சிவப்பணுக்கள் வலை போலப் பின்னிக்கொண்டு பரவி நிற்கும். இல்லையென்றால் அடியில் சிவப்புப் பொட்டு மாதிரி படியும். பழைய வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்த்த பிறகும் வலை பின்னினால், வைரஸ் முள்ளை மாற்றிவிட்டது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

ஏன் இவ்வளவு வேகம்?

ஃப்ளூவின் மரபணு சுமார் 13,500 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட கொரோனாவுக்குக்கூட அந்த வசதி இருக்கிறது. பிழைகளில் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடு. ஆன்டிபாடியை ஏமாற்றும் சில பிழைகள் மட்டும் பிழைத்துப் பரவுகின்றன.

பிழை விட்டாலே தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. தட்டம்மை வைரஸும் ஆர்.என்.ஏ வகைதான். ஆனால் செல்லைப் பிடிக்கும் புரதத்தை அதனால் பெரிதாக மாற்ற முடியவில்லை. 1960-களில் வந்த தடுப்பூசி அதற்கு இன்னமும் வேலை செய்கிறது.

எச்3என்2 செய்த வேலை

1968-ல் மனிதர்களிடம் பரவத் தொடங்கிய எச்3என்2, முள்ளை மாற்றி மாற்றி, 1990-களில் கோழியின் சிவப்பணுக்களைப் பிடிக்கும் திறனை இழந்தது. ஆய்வகங்கள் வான்கோழி ரத்தத்துக்கும், பிறகு கினிப்பன்றி ரத்தத்துக்கும் மாறின. 2014-க்குப் பிறகு வந்த பல வைரஸ்கள் அதிலும் சரியாக ஒட்டவில்லை. மனிதத் தொண்டையில் ஒட்டுவதில் மட்டும் எந்தக் குறையும் இல்லை!

இப்போது இதற்கு உயிருள்ள செல்களில் சோதனை நடத்துகிறார்கள். அதற்கு நாள்கணக்கில் ஆகும். உலக சுகாதார அமைப்போ பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் தடுப்பூசிக்கான வைரஸ்களை அறிவித்தாக வேண்டும். முட்டையில் வளர்த்து ஊசி தயாரிக்க இன்னும் சுமார் ஆறு மாதம். 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அந்த இடைவெளிக்குள் எச்3என்2 மாறிவிட்டது; அந்த ஆண்டு போட்ட ஊசி, பரவிய வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தவில்லை.