கிளாஸ்கோவில் வெறுங்கால்: முகமது சலீமின் கதை

செல்டிக் கிளப்பின் பழைய போட்டோ ஒன்றை நீங்களும் பார்த்திருக்கலாம். செல்டிக் ஜேர்சி போட்ட ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். வயதான ஒருவர் குனிந்து அவருடைய காலுக்குத் துணிக்கட்டு சுற்றுகிறார். சுற்றுபவர் ஜிம்மி மக்மெனமி, ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்து தேசிய அணிக்கே ஆடிய பெரிய ஸ்டார். உட்கார்ந்திருப்பவர் கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம். வருடம் 1936.

அந்த வருடம் பிரிட்டனில் இருந்த உறவினர் ஒருவர்தான் சலீமைக் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். செல்டிக் மனேஜர் வில்லி மேலியிடம் போய், "நல்ல ஆட்டக்காரர், ஆனால் பூட்ஸ் போட மாட்டார்" என்ற கதையைச் சொன்னதும் மேலிக்குச் சிரிப்பு வந்ததாம். ஆடவிட்டுப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ரிசர்வ் அணியில் சலீம் 2 மெட்ச் ஆடினார். ஹமில்டன் அணிக்கு எதிராக 5-1, கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. பந்து அவருடைய கால்விரல்களில் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, ஸ்கொட்லாந்துப் பத்திரிகை அவரை வித்தைக்காரர் என்று எழுதியது. ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என்ற பெயரும் வந்தது.

செல்டிக் அவரை நிறுத்திவைக்கப் பார்த்தது. சலீமுக்கோ ஊர் நினைவு தாங்கவில்லை. அவருக்காக ஒரு நிதி மெட்ச் வைத்து, வசூலில் 5 வீதம் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் காசை மெட்ச் பார்க்க வரும் அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். செல்டிக்கும் கிளாஸ்கோவின் ஏழை ஐரிஷ் குடியேறிகளுக்குச் சோறு போடக் காசு சேர்க்கத் தொடங்கிய கிளப்தான்.

பெரும்பாலும் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். "ஐயோ, ஐரோப்பாவை விட்டுட்டு வந்துட்டாரே" என்று நாமும் கவலைப்படுகிறோம். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

சலீம் எங்கே திரும்பிப் போனார்? கல்கத்தா முகமடன் ஸ்போர்ட்டிங்குக்கு. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கை 1934 வரைக்கும் இந்திய அணி எதுவும் வென்றதில்லை. பிரிட்டிஷ் ராணுவ அணிகளும் வெள்ளைக்காரர்களின் கிளப்புகளும்தான் கோப்பையை மாறி மாறி வைத்திருந்தன. அதை முதலில் உடைத்தது முகமடன். ஒருமுறையோடு நிற்கவில்லை, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து 5 முறை. அந்த அணியின் வலதுபக்க விங்கர் சலீம். ஆட்சி செய்தவனை அவனுடைய விளையாட்டிலேயே, அவனுடைய லீக்கிலேயே தோற்கடித்த அணி அது.

அப்படிப் பார்த்தால் கிளாஸ்கோவின் 2 மெட்ச் அவருடைய வாழ்க்கையில் ஒரு பயணம் மட்டும்தான். கரியர் கல்கத்தாவில் இருந்தது. வெள்ளைக்காரன் கைதட்டிய 2 மெட்சை நினைவில் வைத்துக்கொண்டு, அவனைத் தோற்கடித்த 5 வருடத்தை நாம்தான் மறந்துவிட்டோம்.

வயதான காலத்தில் சலீம் நோயில் படுத்தபோது, அவருடைய மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். காசு கேட்கும் எண்ணம் இல்லை, வாப்பாவை இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தானாம். 100 பவுண் வந்தது. செல்டிக் மறக்கவில்லை. சலீம் 1980இல் மௌத்தானார்.

அக்குறணையில் அஸருக்குப் பிறகு பந்து உதைக்கிற நம்ம பொடியன்மாருக்கு ஐரோப்பியக் கிளப்புகள் எல்லாம் அத்துப்படி. முகமடன் ஸ்போர்ட்டிங் என்று சொல்லிப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியும்?