தீவகக் கிணறும் மார்கழி மரக்கறியும்

கோவா, கரட், பீற்றூட், நோக்கோல் எல்லாம் குளிர்நாட்டுப் பயிர்கள். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிரிலேயே வலிகாமத்துச் செம்மண்ணில் இவை நன்றாக விளைகின்றன. ஆகவே வேலணையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஒரு வீட்டு வளவில் இவற்றை நடுபவருக்கு வெயிலை விடப் பெரிய எதிரி உப்புத்தான்.

தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கோட்பாட்டளவில், நன்னீர் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் அந்தளவு ஏறிவரும். மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்கும் கிணறு சீக்கிரம் உவர்ப்பதற்கும், வாளியாலோ துலாவாலோ அள்ளும் கிணறு தாக்குப்பிடிப்பதற்கும் இதுதான் காரணம். பல வீடுகளில் குடிப்பதற்கும் அதே கிணறுதான் என்பதை மறக்கக்கூடாது.

எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதற்கு ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் அட்டவணை உண்டு. நீரின் மின்கடத்துதிறனை மீற்றருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று அளப்பார்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய மானியே போதும். விளைச்சல் குறையாமல் பீற்றூட் 2.7 வரை தாங்கும். தக்காளி 1.7, கோவா 1.2, முள்ளங்கியும் வெங்காயமும் 0.8, கரட்டும் போஞ்சியும் 0.7. கிணற்றுநீர் 2 காட்டினால் பீற்றூட்டுக்கு ஒன்றும் ஆகாது. கோவாவில் எட்டில் ஒரு பங்கு போகும், கரட்டில் கால் பங்குக்கு மேல், போஞ்சியில் மூன்றில் ஒன்றுக்கு மேல். எனவே தீவகத்தில் முதன்முதலில் தொடங்குபவர் பீற்றூட்டில் தொடங்குவதே புத்தி. கரட் ஆசையை ஓர் உரப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்: கல்லில்லாத மண்ணும் எருவும் நிரப்பி, சேமித்த மழைநீரை மட்டும் ஊற்ற வேண்டும். 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 500 லீற்றர் விழும்.

காலக்கணக்கும் கிணற்றை ஒட்டியதுதான். மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓயும். நீர் அப்போதுதான் மிக நல்லது. பங்குனிக்குப் பின் உவர்ப்பு ஏறும். கோவாவுக்கும் நோக்கோலுக்கும் கார்த்திகையில், மழை அடிக்காமல் மறைப்பின் கீழ், உயர்த்திய மேடையில் நாற்றுப் போடுங்கள். 3, 4 கிழமை நாற்றை மார்கழியில் நடலாம். நோக்கோல் 50 முதல் 60 நாளில் கைக்கு வரும். கோவா 75 முதல் 90 நாள் எடுக்கும் என்பதால் வெப்பம் தாங்கும் இனமா என்று விதைப் பைக்கற்றைப் பார்த்து வாங்க வேண்டும். பீற்றூட்டை நேரே பாத்தியில் விதையுங்கள். அதன் ஒரு விதை என்பது பல விதைகள் ஒட்டிய கொத்து. முளைத்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளாவிட்டால் கிழங்கு பருக்காது. லீக்ஸ் வேண்டாம், அது மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கும்.

2022 ஜூனில், உணவு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது அரசாங்கம். தீவகத்தில் அது சோளகம் வீசி, நிலம் காய்ந்து, கிணறு உவர்த்துக் கிடக்கும் காலம்!

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு எழுதிய துண்டுப்பிரசுரங்களைப் பார்த்துப் பாத்திக்குச் சுண்ணாம்பு போட வேண்டாம். அங்கே மண் அமிலம், இங்கே மண்ணே சுண்ணாம்பு. அடுப்புச் சாம்பலையும் அள்ளிக் கொட்டக்கூடாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அநேகமாகக் காரமண்ணில் இரும்புச்சத்து பயிருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். இதற்கு ஊர் முறையே நல்லது: மக்கிய மாட்டெரு, பூவரசங்குழை, நிலத்தில் வெட்டித் தாழ்த்த பனையோலை. மாடுகள் மேயும் நெடுந்தீவில் எருவுக்குப் பஞ்சமில்லை.

அந்த மாதங்களில் வீசுவது வாடை, செங்கை ஆழியானின் நாவலால் நெடுந்தீவின் பெயரோடு ஒட்டிப்போன அதே காற்று. கடலோர வளவில் அது உப்புத் திவலையையும் கொண்டுவரும். நெடுந்தீவில் வேலிக்குப் பதில் பவளக்கல் மதில்கள் உண்டு. அவற்றின் காற்றடிக்காத பக்கத்தில் பாத்தி போடலாம். மற்ற இடங்களில் கிடுகோ பனையோலையோ கட்டினால் போதும். கோவாக் குருத்தைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு, நட்ட அன்றே நுளம்புவலை போர்த்துவது மருந்தடிப்பதை விடச் சுலபம்.

நீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். பாத்தியைச் சருகால் மூடி வைத்தால் அந்த இடைவெளியை இன்னும் கூட்டலாம். மாசி முடிவில் மானியை மறுபடி கிணற்றில் வைத்துப் பாருங்கள். எண் ஏறத் தொடங்கியிருந்தால் கோவா சிறிதாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். பீற்றூட் இன்னும் இரண்டு கிழமை நிற்கும்.