குறிப்பேடு இடம்பெயர்ந்த கதை

பெருங்குடியில் குடியிருப்போருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அடுத்த நிலையமான தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சற்றுத் தொலைவில், பெசன்ட் நகரில், உ.வே.சாமிநாதையர் நூலகம். இவ்விரண்டிலும் அமர்ந்து இருபதாண்டுகளுக்கு மேலாக நாம் எடுத்த குறிப்புகள் கணினியில் முந்நூறு கோப்புகளாக இருந்தன. காகிதத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதியை 2015 திசம்பர் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆகவே கணினியே நம் நினைவு என்றாகிவிட்டது. சென்ற ஆண்டு அந்த விண்டோஸ் கணினி ஓய்ந்தபோது மேகிண்டோஷ் ஒன்றுக்கு மாறினோம். குறிப்பெடுக்க நல்ல மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து, பழைய கோப்புகளை அதில் இட்டுத் திறந்தோம். தமிழ் இல்லை. பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

காரணம் புதிதன்று, இணையத்தின் தொடக்ககாலத் தமிழர் அனைவரும் அறிந்ததே. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு முகமூடி. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். ‘தமிழ்’ என்று திரையில் தோன்றுவது கோப்பினுள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் இன்றைய குறிப்பேட்டு மென்பொருள்கள் பல, எழுத்துரு எது என்ற செய்தியைக் களைந்துவிட்டு, வெறும் எழுத்தையே வைத்துக்கொள்கின்றன. முகமூடி கழன்றால் ஜே, கே, பி, ஓ மட்டுமே மிஞ்சும்.

இச்சிக்கலைத் தீர்க்க நம்மவர் பட்ட பாட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை இலவசமாக வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற எளிய ஆசைக்காக, பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சலிலேயே வாதிட்டு டிஸ்கி என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அடுத்த 128இல் தமிழை அமைத்தது அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டைத் தரமாக்கியது. ஆக, தரம் வேண்டும் என்று கூடியவர்கள் ஒன்றுக்கு மூன்றாகத் தரங்களைப் பெற்றுத் திரும்பினர்! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்குகள் தெரியும். முதலில் எழுத்துருவை நம்பிய வடிவம், பிறகு டிஸ்கி, பிறகு ஒருங்குறி என்று அதே நூலைத் திரும்பத் திரும்பப் பெயர்த்திருக்கிறார்கள்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. ஆனால் அதைப் படிக்கும் ஆற்றல் விண்டோஸுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘லதா’ எழுத்துருவுடன் வந்தது; மேகிண்டோஷுக்கு 2005இல், முத்து நெடுமாறனின் ‘இணைமதி’யுடன். நாம் குறிப்பெடுக்கத் தொடங்கிய 2001இல் ஒருங்குறி என்ற சொல்லைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

பெயர்த்தெழுதுவதில் பிழை நேர்வதும் பழைய கதையே. ஏட்டில் எழுதியோர் புள்ளியிடுவதில்லை. எகரம் எது, ஏகாரம் எது. ரகரம் எது, கால் எது என்பதெல்லாம் படிப்பவர் பொறுப்பு. ஏடு பெயர்த்தவர்களின் ஒவ்வொரு தடுமாற்றமும் பின்னாளில் பாடவேறுபாடு என்ற பெயரில் பதிப்பாசிரியரின் தூக்கத்தைக் கெடுத்தது. பெயர்த்தெழுதப்படாதவை அழிந்தன. உரைகளில் மேற்கோளாக மட்டும் எஞ்சியவற்றைத் திரட்டி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே செய்ய வேண்டியிருந்தது மயிலை சீனி. வேங்கடசாமிக்கு.

நம் கோப்புகளில் நேர்ந்த தடுமாற்றமும் இவ்வகையினதே. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் பல உண்டு. மாற்றியபின் பார்த்தால் ‘வெளி’ என்பது ‘வௌி’ என்றும், ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என்றும் நின்றன. பழைய எழுத்துருவில் ஔகார உயிர்மெய்யின் பின்பகுதியும் ளகரமும் ஒன்றே; கண்ணுக்கு வேறுபாடு இல்லை. ‘கௌரவம்’ எது, ‘கெளிறு’ எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஏட்டுச்சுவடியில் காலும் ரகரமும் செய்ததை இங்கே கொம்பும் ளகரமும் செய்தன.

இதனால் மென்பொருள் தேர்வில் நம் கேள்விகள் மாறிப்போயின. அழகாக இருக்கிறதா என்று கேட்பதை விட்டோம். ஒன்நோட் 2014 முதல் மேகிண்டோஷிலும் கிடைக்கிறது, வகைப்படுத்த வசதியானது, ஆனால் குறிப்புகளைத் தன் வடிவில் வைத்துக்கொள்கிறது. எவர்நோட்டும் ஏறத்தாழ அப்படியே. இறுதியில் 2020இல் வந்த அப்சிடியனில் நிலைத்தோம். காரணம் ஒன்றுதான்: குறிப்புகள் வெற்று உரைக்கோப்புகளாகவே நம் வட்டில் கிடக்கும், மென்பொருள் மறைந்தாலும் கோப்பு திறக்கும். ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம் என்று ஒருங்குறி இடங்கொடுக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் ஒன்று கிடைத்து மற்றது தப்பிவிடலாம். எனவே எல்லாக் கோப்புகளையும் முதலில் ஒரே வகைக்குக் கொண்டுவந்தோம்.

இவ்வளவும் பாமினிக் கோப்புகளுக்கு. எஞ்சியவை நாற்பது. மறைந்த எம் பேராசிரியர் ஒருவர் 2002 முதல் 2004 வரை மாலைநேரங்களில் சொல்லக் கேட்டு எழுதிய அகத்திணை விளக்கங்கள் அவை. அவர் நூல் எதுவும் எழுதியவர் அல்லர். அவர் சொன்னது இந்த நாற்பது கோப்புகளில் தவிர வேறெங்கும் இல்லை. கையெழுத்துப்படியை மந்தைவெளியில் ஒரு டி.டி.பி. மையத்தில் தட்டச்சு செய்வித்தோம். அவர்கள் சொந்தமாக ஓர் எழுத்துரு வைத்திருந்தார்கள். இன்று கடையும் இல்லை, எழுத்துருவும் இல்லை. கையெழுத்துப்படி வெள்ளத்தில் போயிற்று.

மாணவி ஒருவர் துணையோடு, கல்வெட்டுப் படிப்பவர் போல அமர்ந்தோம். தமிழில் மிகுதியாக வருவது புள்ளி. கோப்பில் மிகுதியாக வரும் குறி அதுவாக வேண்டும். அது பொருந்தியது. ‘தலைவி’, ‘தோழி’, ‘குறிஞ்சி’ என்று எப்படியும் வந்தே தீர வேண்டிய சொற்களைத் தேடிப் பொருத்தினோம். ஐந்தாம் வாரம் முதல் பத்தி முழுதாகப் படிக்கக் கிடைத்தது. நெய்தலில் இரங்கல் யாருடையது என்று அவர் கேட்டு, தாமே விடை சொல்லும் இடம். வகுப்பில் அவர் இடைநிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது அப்படியே காதில் கேட்டது என்றால், கண்ணாடி துடைப்பது எப்படிக் கேட்கும் என்று மாணவி சிரித்தார்.

ஒரு குறி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாற்பது கோப்புகளிலும் மூன்றே இடங்களில் வருகிறது, மூன்றும் ஓர் ஊர்ப்பெயரின் முன்னால். ‘ஸ்ரீ’ என்று மாணவி சொல்கிறார். பேராசிரியரின் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.